ஆன்டெனா பார்க்கும் திசை

2021 ஆகஸ்ட் 10, செவ்வாய்க்கிழமை. இரவு பத்து மணி இருக்கும். இங்கிலாந்திலிருந்து மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். வடக்கு யார்க்‌ஷயரில் நார்த்தலெர்ட்டன் என்ற சிறிய ஊரில் செவிலியராக இருந்தாள் அப்போது. தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, தாத்தா தூங்கிட்டாரா? இங்க பாட்டிக்கு டிவி வரலை" என்றாள்.

தாத்தா தூங்கவில்லை. அல்சூர் வீட்டுக் கூடத்தில் அவருடைய நாற்காலியில், காதோரம் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு அப்போது 81 வயது. குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஜலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் 34 வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல் டிரான்ஸ்மிட்டர் பிரிவில். ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் அங்கே செய்து அனுப்பிய பெட்டிகளில் எத்தனையோ அவர் கைபட்டவை. போனை வாங்கிக்கொண்டு, டாக்டர் நோயாளியை விசாரிப்பதுபோல் கேட்க ஆரம்பித்தார்.

"எல்லா சானலும் போச்சா, ஒண்ணு ரெண்டா?"

"எல்லாம் தாத்தா."

"எஃப்.எம். ரேடியோ?"

"அதுவும் இல்லையாம்."

"பக்கத்து வீட்ல?"

அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அங்கேயும் இல்லை.

"அப்ப வீட்ல கோளாறு இல்லைம்மா. மாஸ்ட்டுக்கு என்னவோ ஆயிருக்கு. வெளியே வந்து கூரையைக் காட்டு."

அங்கே மாலை வெளிச்சம் நன்றாக இருந்தது. அவள் தெருவில் நின்று போனை மெதுவாகச் சுற்றினாள். செங்கல் வீடுகள், ஒவ்வொன்றின் புகைபோக்கியிலும் மீன்முள் போல ஒரு ஆன்டெனா. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கிழக்கே, குன்றுகள் இருக்கும் பக்கம். அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பாரு, அத்தனையும் அங்கதான் பார்க்குது. அங்க ஒண்ணுமே இல்லை இப்ப."

பில்ஸ்டேல் மாஸ்ட் என்று அதற்குப் பெயர். நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவுக்குள், குன்றின்மேல் நின்ற 300 மீட்டருக்கும் அதிகமான உயரமுள்ள கம்பம். அன்று மதியம் அதில் தீப்பிடித்தது. அந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு டிவி, எஃப்.எம்., டிஜிட்டல் ரேடியோ எல்லாமே அந்த ஒரு கம்பத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. ஒரே மதியத்தில் அத்தனையும் போயிற்று.

இதில் எதற்கு இவ்வளவு வருத்தம், இந்தக் காலத்தில் யார் ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று மகளிடம் அதைத்தான் கேட்டேன். "இன்டர்நெட்ல பார்க்கச் சொல்லேன்." அவள் சொன்னாள்: "அம்மா, இந்த வீட்ல இன்டர்நெட்டே கிடையாது. நான் என் போன்லதான் பேசுறேன். பாட்டி வருஷத்துக்கு 159 பவுண்ட் லைசென்ஸ் கட்டி டிவி பார்க்குறாங்க. சாயங்காலம் அதுதான் அவங்களுக்குத் துணை."

அப்பா அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். வீட்டில் பழைய ரேடியோ ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதில் லாங் வேவ் இருக்கிறதா? சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒன்று இருந்தது, தூசியோடு. அதில் லாங் வேவ் என்று ஒரு பட்டை இருந்தது. 198-க்குத் திருப்பு என்றார். பேட்டரி போட்டுத் திருப்பியதும், கரகரப்பு அதிகமில்லாமல், ஒரு மனிதக் குரல் வந்தது. பிபிசி ரேடியோ 4. அது பில்ஸ்டேலிலிருந்து வரவில்லை. தெற்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ட்ராய்ட்விச்சிலிருந்து வந்தது. டிவி அலையும் எஃப்.எம். அலையும் நேர்கோட்டில் போகிறவை, பூமியின் வளைவு மறைத்தால் முடிந்தது. லாங் வேவ் பூமியோடு ஒட்டி வளைந்து போகும். குன்று இருந்தாலும் ஏறி இறங்கும்.

அந்தப் பாட்டியம்மா போனில் அப்பாவைப் பார்த்துக் கையசைத்தார். அப்பாவுக்கு அவர் பேசிய ஆங்கிலம் பாதி புரியவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி ரொம்ப நேரம் அவர் தூங்கவில்லை. எனக்கும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

மாஸ்ட் விழுவதென்பது அவருக்கு வீட்டில் பெரியவர் ஒருவர் போவதைப் போல. தேதியோடு சொல்வார். 1969 மார்ச் 19, இங்கிலாந்தின் எம்லி மூர். 386 மீட்டர் கம்பம், பனிக்கட்டி உறைந்து விழுந்தது. அதற்குப் பதில் அங்கே கான்கிரீட்டில் கோபுரம் கட்டினார்கள், இனி விழக்கூடாது என்று. 2000 ஆகஸ்ட் 27, மாஸ்கோவின் ஒஸ்தான்கினோ. 540 மீட்டர் கோபுரத்தில் தீ, மூன்று பேர் செத்தார்கள், மாஸ்கோவில் டிவி போயிற்று. எல்லாவற்றையும்விட அவர் அடிக்கடி சொல்வது போலந்தின் கான்ஸ்டான்டினூஃப். 646 மீட்டர். அந்த நாளில் மனிதன் கட்டியதிலேயே உயரமானது அதுதான். 1991 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, கம்பத்தைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது விழுந்தது. "புயல்ல விழலை, பனியில விழலை. கம்பி மாத்தும்போது விழுந்துச்சு" என்பார். இத்தனை உயரமும் நிற்பது அந்தக் கம்பிகளின் இழுப்பில்தான். ஒரு பக்கம் இழுப்பு குறைந்தால் மறுபக்கத்துக் கம்பியே கம்பத்தைச் சாய்த்துவிடும்.

மீடியம் வேவ் மாஸ்ட்டைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிவி கோபுரத்தில் ஆன்டெனா உச்சியில் இருக்கும், கோபுரம் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஏணி மட்டும்தான். மீடியம் வேவில் அப்படியில்லை, அந்தக் கம்பமேதான் ஆன்டெனா. மொத்த இரும்பிலும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் அது மண்ணைத் தொடக்கூடாது. அத்தனை டன் எடையும் அடியில் ஒரு பீங்கான் காலின்மேல் நிற்கிறது. சுற்றிலும் மண்ணுக்கடியில் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலச் செப்புக் கம்பிகள் புதைந்திருக்கும். சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய 417 மீட்டர். அதில் கால் பங்கு உயரம் வேண்டுமென்றாலே நூறு மீட்டரைத் தாண்டிவிடும். பீங்கான்மேல் நிற்கும் நூறு மீட்டர் இரும்பு. முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் நம்பவேயில்லை.

சரி, பில்ஸ்டேலுக்கு வருகிறேன். எரிந்த கம்பத்தின் கிட்டே போகவே பயம். அக்டோபர் தொடக்கத்தில் வெடி வைத்து அதைத் தரையில் சாய்த்தார்கள். தற்காலிகமாக வேறொரு கம்பம் நட வேண்டும். ஆனால் இடம் தேசியப் பூங்கா. நிலத்தில் இறங்க அனுமதி வாங்குவது வழக்குவரை போனது. ஆகஸ்ட் முழுக்க, செப்டம்பர் முழுக்க, மகள் பேசும்போதெல்லாம் அப்பா கேட்கும் முதல் கேள்வி: "வந்துச்சா?"

நடுவில் ஒருநாள் 80 மீட்டர் தற்காலிகக் கம்பம் வரப்போகிறது என்று மகள் சொன்னாள். அப்பா மின்சார பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வரும். 300 மீட்டருக்கு 62 கிலோமீட்டர். 80 மீட்டருக்கு 32. "உயரம் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல. தூரம் பாதி. ஆனா தூரம் பாதியானா பரப்பளவு கால் பங்காயிடும். மீதி முக்கால் பங்குல இருக்கிறவங்க கதி?" உண்மையில் அலை காற்றில் சற்று வளைவதால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், வீட்டு ஆன்டெனாவும் உயரத்தில் இருக்கிறது என்று அவரே சேர்த்துக்கொண்டார். ஆனாலும் அந்த முக்கால் பங்கு அவரை விடவில்லை. மலை மடிப்புகளில், பள்ளத்தாக்குகளில் இருக்கும் வீடுகளை நினைத்துக்கொண்டே இருந்தார். பார்த்தேயிராத ஊர்.

அந்த நாட்டில் ஒரு காரியம் செய்தார்கள், அதை நான் மதிக்கிறேன். கூடுதல் டிரான்ஸ்மிட்டர்களை அங்கங்கே போட்டார்கள். அதற்கும் மேலாக, முதியவர்களுக்கும் உடல்நிலை சரியில்லாதவர்களுக்கும் வீடு தேடி ஆள் அனுப்பி, ஆன்டெனாவைத் திருப்பிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அக்டோபர் நடுவில் எங்கள் பாட்டியம்மாவுக்குப் படம் வந்தது. மகள் போனை டிவி பக்கம் திருப்பிக் காட்டினாள். அப்பா படத்தைப் பார்க்கவில்லை. "சிக்னல் எத்தனை சதவீதம் காட்டுது, மெனுவுல போய்ப் பாரு" என்றார். ஏறக்குறைய பழைய உயரத்துக்குப் புதுக் கம்பம் 2023-இல் வேலைக்கு வந்தது.

அதே 2023-இல்தான் எங்கள் வீட்டில் அது நடந்தது.

அப்பாவின் இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் அறுபது வருடமாக இருக்கிறார். கன்னடம் பேசுவார், படிப்பார், 612-இல் பெங்களூர் நிலையத்தைப் பகலெல்லாம் கேட்பார். சூரியன் மறைந்ததும் அவருடைய ரேடியோ தமிழ்நாட்டுக்குப் போய்விடும். பகலில் வானத்தின் கீழடுக்கு ஒன்று மீடியம் வேவை உறிஞ்சிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகிறது, அலை மேலே போய் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. அப்படித்தான் சென்னை, திருச்சி, கோவை எல்லாம் அல்சூருக்கு வந்தன. டயலின் கண்ணாடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பென்சில் கோடு போட்டிருக்கிறார். காலையில் 7.15-க்கு டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி. அதில் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் பல வருடம் எங்கள் வீட்டுக் கடிகாரமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் அவர் காலமானபோது அப்பா அன்று ரேடியோவைத் திறக்கவேயில்லை.

மீடியம் வேவ் ரேடியோவுக்குள் ஒரு ஃபெரைட் குச்சி படுத்திருக்கும், அதுதான் அதன் ஆன்டெனா. குச்சியின் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை நன்றாகப் பிடிக்கும், முனைப்பக்கம் வருவதைப் பிடிக்காது. அதனால் ரேடியோவைத் திருப்பித் திருப்பி, வேண்டியதை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, வேண்டாததை முனைக்குத் தள்ளலாம். எல்.ஈ.டி. பல்பும் போன் சார்ஜரும் வந்தபிறகு வீட்டுக்குள் இரைச்சல் தாங்கவில்லை. எட்டரை மணிக்குமேல் கூடத்தில் ஒரே ஒரு பழைய குண்டு பல்பு மட்டும் எரியும். நாங்கள் அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் சாப்பிடுவோம்.

மே மாதம் ஒரு கோடைமழை. மறுநாள் இரவு, பென்சில் கோடுகளில் ஒன்றில் முள்ளைக் கொண்டுபோய் வைத்தால் வெறும் இரைச்சல். ரேடியோவைத் திருப்பினார். எழுந்து மாடிக்குப் போனார். பேட்டரியை மாற்றினார். இரண்டு வாரம் தினமும். அப்புறம் நான் அந்த நிலையத்துக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர் ஒருவர் எடுத்தார். "மாஸ்ட்டோட ஸ்டே கம்பி பாதிச்சிருக்குங்க, பாதுகாப்புக்காக நிறுத்தி வெச்சிருக்கோம். மேலிடத்துக்கு எழுதியிருக்கு. எஃப்.எம்-ல வருதே? இல்லாட்டி செல்போன்ல செயலி இருக்கு, அதுல கேளுங்க" என்றார்.

எஃப்.எம். அறுபது எழுபது கிலோமீட்டருக்குமேல் வராது. கர்நாடக எல்லையைத் தாண்டி எங்களை வந்து சேர்ந்தது மீடியம் வேவ் மட்டும்தான். அதை அவரிடம் சொன்னேன். "நீங்க பெங்களூர்லயிருந்தா பேசுறீங்க? அங்கயுமா கேக்குறாங்க?" என்று ஆச்சரியப்பட்டார்.

அந்த ஆச்சரியம்தான் இதை எழுத வைத்தது.

ஒலிபரப்பின் பெரிய குணம், கேட்பவர் யாரென்று அதற்குத் தெரியாது. பெயர் கேட்காது, பணம் கேட்காது. ஒருவர் கூடுதலாகக் கேட்பதால் ஒரு பைசாகூடச் செலவு அதிகமாகாது. அவினாசியில் ஒரு தறிக்காரர், கோலார் தங்கவயலில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி, அல்சூரில் என் அப்பா, எல்லோருக்கும் ஒரே அலை போதும். செயலியில் நான் எதைக் கேட்கிறேன், எத்தனை நிமிடம் கேட்கிறேன் என்பதெல்லாம் எங்கோ பதிவாகிக்கொண்டே இருக்கும். மாஸ்ட் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. அதனாலேயே, அது நின்றுபோகும்போது யாருக்கு இழப்பு என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. நிலையத்தின் கணக்கில் அப்பா இல்லவே இல்லை. இல்லாதவருக்காக யார் கம்பி மாற்றுவார்கள்?

பில்ஸ்டேலில் தீப்பிடித்தது, புகை எழுந்தது, செய்தியானது. எண்ணிப் பார்த்தார்கள், வீடு வீடாகப் போனார்கள். நம் ஊரில் பெரும்பாலும் தீயும் இல்லை, புகையும் இல்லை. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2021-22 வாக்கில் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டன, மிகச் சில இடங்கள் தவிர. அதற்குக் காரணம் இருந்தது, டிஷ் வந்துவிட்டது, அலைவரிசை வேறு வேலைக்கு வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து முன்பெல்லாம் ஜே.சி. நகர் டிவி கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் தெரியும். இன்றும் இந்தத் தெருவில் நாலைந்து துருப்பிடித்த ஆன்டெனாக்கள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன, காக்கை உட்கார. ஆனால் மூடுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம் அல்லவா, கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்று?

அப்பாவுக்குச் செயலி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கேட்டார். பிடிக்கவில்லை. காரணம் கேட்டேன். மணி அடிக்கும்போது வரும் அந்தப் பீப் ஒலி, செயலியில் அரை நிமிடத்துக்குமேல் தாமதமாக வருகிறது. அதை வைத்துத்தான் அவர் சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்வார். "நேரம் தப்பாச் சொல்ற ரேடியோவை என்னன்னு கேக்குறது?" இன்டர்நெட் போன இரண்டு இரவு அதுவும் இல்லை. டிரான்சிஸ்டருக்கு இரண்டு பேட்டரி போதும், மின்சாரமே இல்லாத இரவிலும் பாடும். கஜா புயலில் மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் சாய்ந்து நம் டெல்டா கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை 2018-இல் பார்த்தோம். அப்போது தூரத்து ஊரிலிருந்து வரும் ஒரு மீடியம் வேவ் அலைக்கு அந்த ஊரில் எதுவுமே நிற்க வேண்டிய அவசியமில்லை.

அப்பாவிடம் ஒரு செருப்பு டப்பா இருக்கிறது. அதில் முழுக்க வண்ண அட்டைகள். வானொலி நேயர்களுக்கு இது தெரியும். ஒரு நிலையத்தைத் தொலைவிலிருந்து கேட்டால், தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி, தரம் எல்லாம் எழுதி அனுப்புவது. தரத்துக்குச் சின்போ என்று ஐந்து இலக்கம்: ஒலியின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பயணத்தின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்திலிருந்து ஒன்றுவரை. சரியென்று நிலையம் ஒப்புக்கொண்டு அட்டை அனுப்பும். சிறுவயதில் இதை வெறும் பொழுதுபோக்கென்றுதான் நினைத்தேன். கேட்பவர் தன்னை எண்ணச் சொல்வதற்கு இருந்த ஒரே வழி அது என்று இப்போதுதான் புரிகிறது.

ஜூன் மாதம் அப்பா ஐம்பது பைசா தபால் அட்டைகள் ஒரு கட்டு வாங்கிவரச் சொன்னார். முதல் அட்டையில் தேதி, இரவு 8.45, அலைவரிசை, இடம் அல்சூர், பெங்களூர் எல்லாம் எழுதிவிட்டு, சின்போ இடத்தில் நிறுத்தினார். ஒன்றுக்குக் கீழே எண் கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்து, "கேட்கவில்லை" என்று எழுதினார். வாரம் ஒன்று அனுப்பினார்.

நான்காவது வாரத்தில் எனக்கு ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலை சோமேஸ்வரர் கோயில் பக்கம், தையல்கடையில், பூக்கடையில், அப்பாவின் பழைய ஜலஹள்ளி நண்பர்களிடம் போனில், ராத்திரியில் தமிழ்நாட்டு நிலையம் கேட்பவர்கள் உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். தையல்காரர், "அது நின்னு ரெண்டு மாசம் ஆச்சே, என் மிஷின்தான் இரையுதுன்னு நெனச்சேன்" என்றார். சிவாஜிநகரில் ஒரு இரவுக் காவலாளி. லிங்கராஜபுரத்தில் கண் தெரியாத ஒரு அம்மா, அவருக்கு எது எப்போது நின்றது என்பது நிலையத்துக்காரர்களைவிடத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, தேதியோடு. ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் அட்டையில் அப்பா தன் பெயருக்குக் கீழே எழுதினார். இடம் போதாமல் இப்போது இன்லேண்ட் லெட்டருக்கு மாறிவிட்டோம். இன்னும் பதில் வரவில்லை.

நேற்றிரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கவயலிலிருந்து ஒருவர் போன் செய்தார். நண்பர் யாரோ எண் கொடுத்தார்களாம். "சார், அந்த ஸ்டேஷன் உங்களுக்கும் வரலையா?" என்றார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, குண்டு பல்பின் கீழே உட்கார்ந்தார். "நோட்டை எடும்மா" என்றார். இருபத்துமூன்றாவது பெயர்.